டேங்க்குக்கு ஒரு பொட்டு

"பூசணிக்காயை கேட்டுல உடைங்க. பொரி, சுண்டல் கேன்டீன்ல வச்சுக்கங்க. டேங்க் ஹாலுக்குள்ள மட்டும் குங்குமம், பூ, சூடம் எதுவும் வரக் கூடாது."

லேப் ஹெட் அதியா சொல்லிவிட்டுப் போனதும் ஃபோர்மேன் சௌந்தரராஜனுக்குச் சுர்ரென்று ஏறியது.

இந்த வருஷமும் ஆயுத பூஜைக்கு ஆயுதத்துக்கே பொட்டு இல்லையாம்! எந்த ஊர் நியாயம் இது?

ஓசூரில் அவர் முன்பு வேலை பார்த்த லேத் பட்டறைகளில் ஸ்பேனர் முதல் ஸ்டூல் வரை சந்தனம் பூசிக்கொண்டு நிற்கும். இந்தக் கம்பெனியில் வேலை செய்வதோ பாக்டீரியா. இதற்கென்றே ஜீனை மாற்றி வளர்த்தது. டேங்க்குக்குள் உட்கார்ந்து சர்க்கரைப் பாகைத் தின்னும். பிளாஸ்டிக் செய்ய முன்பெல்லாம் பெட்ரோலியத்திலிருந்து எடுத்துவந்த அமிலத்தை நோகாமல் கொடுத்துவிடும்.

"மூணு ஷிப்ட்டும் அதுதான் உழைக்குது. ஓ.டி. கேக்கல, யூனியன் வைக்கல. அதுக்கு ஒரு பொட்டு வச்சா என்ன குறைஞ்சிரும்?" என்று கேன்டீனில் பொரிந்தார்.

"பூவுல வேற கிருமி இருக்குமாம் அண்ணா. உள்ள பூந்துட்டா மொத்தமும் புளிச்சுப் போயிருமாம்," என்றான் ஆபரேட்டர் கிருஷ்ணப்பன்.

"அதெல்லாம் சாக்குடா. நம்ம பூஜை, நம்ம சாமி. தொழுகை பண்றவங்களுக்கு எங்க புரியப் போவுது?"

கிருஷ்ணப்பன் முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டான். போன வருஷமும் இதே தடைதான். டேங்க்குக்குப் பூஜை போடவில்லை; அடுத்த வாரமே நீராவி அடித்து அவன் கை வெந்தது.

"இந்த வருஷமாவது பொட்டு வச்சிருங்கண்ணா. டேங்க் பக்கம் போகவே பயமா இருக்கு."

சௌந்தரராஜனுக்கு மனசு கேட்கவில்லை. "நான் பாத்துக்கறேன்டா," என்றார்.

பூஜையன்று காலை. எல்லாரும் கேட்டில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் சட்டைப் பையில் குங்குமப் பொட்டலத்தோடு நைசாக டேங்க் ஹால் கதவைத் தள்ளினார்.

உள்ளே அதியா!

"பையில என்னண்ணா?"

"ஒ... ஒண்ணுமில்ல மேடம். மூக்குப்பொடி."

"அதுவும் உள்ள வரக் கூடாது. லேபுக்கு வாங்க."

போச்சு, வேலை போச்சு! பண்டிகை நாளும் அதுவுமாய் வீட்டில் என்ன சொல்வது?

லேபில் அதியா ஒரு பெட்டியைத் திறந்து, மூடி ஒட்டிய சின்னக் கண்ணாடித் தட்டு ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

தட்டுக்குள் மஞ்சளாய் ஒரு சந்தனக் கீற்று. நடுவில் சிவப்பாய் ஒரு பொட்டு.

"சந்தனமும் இல்ல, குங்குமமும் இல்லண்ணா. நம்ம பாக்டீரியாவேதான். நிறம் வர்ற ஜீனைச் சேர்த்து வளர்த்தேன். சீல் பண்ணியாச்சு, எதுவும் வெளிய வராது. டேங்க் மேல ஒட்டிட்டு, முதல்ல கிருஷ்ணப்பனைக் கூப்பிட்டுக் கும்பிடச் சொல்லுங்க. பாவம், ரொம்பப் பயந்து கிடக்கறாரு."

சௌந்தரராஜன் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். கேன்டீனில் பேசியதை நினைத்து வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதியாவோ தட்டையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொட்டு வட்டமா வந்திருக்காண்ணா? முதல்ல வளர்த்ததெல்லாம் கோணலாப் போச்சு. எங்க வீட்ல வச்சுப் பழக்கமில்ல, அதான்."