கறுத்த பாட்டில்

"இன்னா டீச்சர், எது கறுப்பாச்சு?"

அங்கன்வாடி வாசலிலேயே நின்று கேட்டார் தாவூத். சாமுண்டீஸ்வரி டீச்சர் ஜன்னல் விளிம்பில் இருந்த இரண்டு சின்ன பாட்டில்களைக் கைகாட்டினாள்.

ஒன்று தேன் நிறத்தில் இருந்தது. இன்னொன்று மை மாதிரி கறுத்திருந்தது. கறுத்த பாட்டிலின் ஸ்டிக்கரில் 'கேன்' என்று எழுதியிருந்தது. மற்றதில் 'பம்பு'.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாட்டர் கேன் கம்பெனி நடத்துகிறார் தாவூத். அங்கன்வாடிக்கும் அவர் கேன்தான். அது தீர்ந்துபோனால் தெருமுனைக் கைபம்பு. நான்கு நாட்களில் ஆறு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. அவர்களில், அதே தெரு கவிதாவின் மகளுக்கு ஆஸ்பத்திரியில் இன்னும் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"போர்டுல பனிமலை படம் போட்டா பத்துமா பாய்? உள்ள இருக்குற தண்ணியப் பாக்க வேணாமா? கவிதாகிட்ட இன்னா பதில் சொல்லப் போறீங்க?"

தாவூத் கறுத்த பாட்டிலையே வெறித்துக்கொண்டிருந்தார்.

சுகாதாரத் துறையிலிருந்து தண்ணீரைப் பரிசோதிக்க வந்திருந்த வெண்மதி அவசரமாக நோட்டைப் புரட்டினாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"ஒரு நிமிஷம் டீச்சர். பாட்டில்ல கிருமிக்குத் தீனி மாதிரி ஒரு மருந்து இருக்குது. தண்ணில கெட்ட கிருமி இருந்தா அதைத் தின்னு வளரும், ஒரு நாள்ல கறுப்பாயிடும். நேத்து காலைல பத்து மணிக்கு ஊத்துனேன். கை கழுவுனேன். மூடியைக் கீழ வைக்கல. எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கேன்..."

"உன்மேல இன்னா தப்பு? சாயங்காலம் வரைக்கும் ரெண்டும் ஒரே கலர்தான். காலி கேன் எடுக்க வந்தப்ப பாயே பார்த்தாரே."

வெண்மதி கறுத்த பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். ஸ்டிக்கர் ஓரம் சுருங்கிக் கோணலாக இருந்தது. இதைக்கூட ஒழுங்காக ஒட்டத் தெரியவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"பாய், இதை ரிப்போர்ட்ல எழுதுனா கம்பெனிக்கு சீல் வெச்சிருவாங்க. எனக்குப் பயமா இருக்குது. இன்னொரு தடவை டெஸ்ட் வெச்சுப் பார்த்துடட்டுமா?"

"வேணாம்மா." தாவூத் அவள் நோட்டைக் கைகாட்டினார். "எழுதிக்கோ. கம்பெனியப் பூட்டிடறேன்."

"நல்லதாப் போச்சு. இனிமே புள்ளைங்களுக்கு பம்புத் தண்ணியே போதும்," என்ற டீச்சர், மூலையில் இருந்த பம்புத் தண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டாள். "இர்பானா, அப்பலேர்ந்து தாகம் தாகம்னியே. வா, குடி."

மூன்று வயது இர்பானா டம்ளரை இரண்டு கைகளாலும் வாங்கி வாயருகே கொண்டுபோனாள்.

பாய்ந்துபோய்த் தட்டிவிட்டார் தாவூத். டம்ளர் உருண்டது. தண்ணீர் தரையெல்லாம் சிதற, குழந்தை வீறிட்டு அழுதது.

"குடுக்காதீங்க டீச்சர்! கறுத்துக் கெடக்கறதே பம்புத் தண்ணிதான். நேத்து கேன் எடுக்க வந்தப்ப ஸ்டிக்கரை நான் மாத்தி ஒட்டிட்டேன்."

வெண்மதிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. தேன் நிற பாட்டிலைக் கையில் எடுத்தாள்.

"அப்போ உங்க கேன் தண்ணி சுத்தமாத்தானே இருந்திருக்குது பாய்? எதுக்கு மாத்துனீங்க?"

தாவூத் குனிந்து உருண்ட டம்ளரை எடுத்தார்.

"ஃபில்டர் மாத்தி எட்டு மாசம் ஆவுதும்மா. என்னுதுதான் கறுக்கும்னு நெனச்சேன்."