நாம போடாத கோடு

"நாம போடாத கோடு நம்ம பேஜ்ல எதுக்கு நிக்குது ஜான்?" என்றார் முதலாளி ரவிசந்திரன். திரையில் ஒரு பட்டனை அழுத்திக் காட்டினார். அதைச் சுற்றி மெலிதாக ஒரு புள்ளிக்கோடு வந்து உட்கார்ந்தது.

"அது பிரவுசரே போடறது சார்."

"கிளையன்ட் பாத்தா மூஞ்சி சுளிப்பார். எடுத்துடு."

சாங்வியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இயங்கிய அந்த வெப்சைட் கம்பெனியில், ஜானுக்கு ஒரே ஜென்ம விரோதி பிரவுசர்தான். யாரும் கேட்காமலே தலைப்பைப் பெரிதாக்கும், பத்திக்குப் பத்தி இடைவெளி விடும். அதையும் ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு அளவில் செய்து தொலைக்கும். அதனால் எந்த வேலை வந்தாலும் அவன் முதலில், பேஜின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைல் ஷீட்டின் தலையில் பத்து வரி எழுதி எல்லாவற்றையும் பூஜ்யமாக்குவான். அலங்காரமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்று பதினோராவது வரி எழுதினான். கோடு போன இடம் தெரியவில்லை. பிரவுசர் அதை எதற்காகப் போடுகிறது என்று அவரும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. வெள்ளைப் பின்னணியில் ஒரு கேள்வி, அதற்குக் கீழே மயில்கழுத்து நீலத்தில் நாலு பட்டன்கள் மட்டும் பளிச்சென்று நின்றன. மும்பை கிளையன்ட் அந்தப் பேஜை எங்கெங்கே விற்றாரோ, அது ஜானின் கவலை இல்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், அந்தப் பேஜுக்காகவே அவனை டீம் லீடராக்கினார்கள். அரைக் கிலோ பேடா வாங்கிக்கொண்டு பிம்ப்ரிக்கு பஸ் ஏறினான். வீட்டிலும் ஒரு நல்ல செய்தி காத்திருக்கும் என்று நம்பினான்.

அண்ணன் சவரிமுத்துவுக்கு அன்று காலை ஒரு பேங்கின் டேட்டா என்ட்ரி வேலைக்குக் கம்ப்யூட்டர் தேர்வு. சாகண் ஃபேக்டரியில் பிரஸ் மிஷின் அவர் வலது கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டு, இடது கையில் இரண்டு விரலை மட்டும் விட்டுவைத்து ஐந்து வருஷமாகிறது. ஊனமுற்றோருக்கென்று ஒதுக்கிய இடம். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. ஜான் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் ஆறு மாதமாக அந்த இரண்டு விரலால் தட்டித் தட்டிப் பழகினார். கூட வந்த மவுஸ் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது.

கதவைத் திறந்த ஜானின் மனைவி ஜோசபினின் முகமே சொல்லிவிட்டது.

"உங்க அண்ணன் பாஸாகலைங்க. நாப்பது கேள்வியில ஏழுதான் சரியாம்."

"ஏழா?" ஜான் பேடா டப்பாவை மேஜைமேல் போட்டான். "ஏன் அண்ணே, வீட்டுல முப்பத்தஞ்சுக்குக் குறைஞ்சதில்லையே. அங்க போய்த் தூங்கினீங்களா?"

சவரிமுத்து ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "விடையெல்லாம் தெரிஞ்சதுதான்டா தம்பி."

"தெரிஞ்சா ஏன் போடல? இன்னும் எத்தனை வருஷம் என் கையையே..." ஜான் பாதியில் நிறுத்திக்கொண்டான். பாதியே போதுமானதாக இருந்தது. ஜோசபின் தலையைக் குனிந்துகொண்டாள்.

சவரிமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் ஜானுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"போகட்டும், விடு" என்றார். "பேஜ்கூட பாக்க அழகாத்தான் இருந்துச்சு. வெள்ளவெளேர்னு, மயில்கழுத்துக் கலர்ல பட்டனோட."

வாட்சைக் கழற்றிக்கொண்டிருந்த ஜானின் கை நின்றது.

"அப்புறம் என்ன அண்ணே ஆச்சு?"

சவரிமுத்து தன் இரண்டு விரல்களையும் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு மவுஸ் பிடிக்க வராதே, கீபோர்டுலதானே ஒவ்வொரு பட்டனா நகந்து போவேன். எந்தப் பட்டன்ல நிக்கறேன்னு காட்டுமே ஒரு புள்ளிக்கோடு, அத எவனோ எடுத்துட்டான் தம்பி."