குடைக்காரன் திரும்பிய இடம்

திரையில் அவர் திரும்பும் இடம் வந்ததும் அரங்கில் பேச்சு நின்றது.

அது அவர்கள் வழக்கம். ஒவ்வொரு கூட்டமும் அந்தக் காட்சியோடுதான் தொடங்கும்.

ரயில்வே காலனித் தெரு. சாயங்கால வெயில். மழை கிடையாது, ஆனாலும் ஒருவர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்து போகிறார். இன்னொரு கையில் துணிப்பை. தெருமுனையில் நிற்கிறார். திரும்பி எதையோ பார்க்கிறார். பிறகு போய்விடுகிறார்.

அவ்வளவுதான். தொடரில் அவர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கடைசி வரிசையில் உட்கார்ந்து அவள் அந்த முகத்தை மட்டும் பார்த்தாள்.

‘பூஜ்ஜியம் நம்பர் வீடு’ செவ்வாய்க்கிழமைதோறும் டிவியில் வந்த காலத்தில் இங்கிருப்பவர்களில் பாதிப் பேர் பிறக்கவே இல்லை. காலனியில் யாரும் கட்டாத ஒரு வீடு தானாக வந்து நிற்கும். உள்ளே போனவர்கள் வேறு வயதில் வெளியே வருவார்கள். அன்றைக்கு ஊரே தலையைப் பிய்த்துக்கொண்டது. இன்றைக்கு அதற்கு ரசிகர் மன்றம் இருக்கிறது, டி-ஷர்ட் இருக்கிறது.

குடைக்காரன் எதைப் பார்க்கிறான் என்ற தீராத சண்டையும் இருக்கிறது. குடைக்காரன்தான் காலம், கடந்ததைப் பார்க்கிறான் என்பது ஒரு கட்சி. எமன், அடுத்த ஆளைப் பார்க்கிறான் என்பது இன்னொரு கட்சி. ஒருவர் இதை வைத்து முனைவர் பட்டமே வாங்கிவிட்டார்.

போன மாதம் ரீமேக் வந்தது. அதில் குடைக்காரன் திரும்பிப் பார்த்தால் அங்கே சின்ன வயதுக் குடைக்காரனே நிற்கிறான். பின்னால் வயலின் வேறு.

“குடைக்காரனுக்குப் போய் ஃப்ளாஷ்பேக் வெச்சிருக்காங்க. வெளங்கிடும்,” என்றாள் நஸ்ரின். எமன் கட்சிக்காரி. இந்த விஷயத்தில் மட்டும் சபை மொத்தமும் அவள் பக்கம்.

கடைசி வரிசையிலிருந்து அவளும் தலையாட்டினாள். புதிதாக நடித்தவன் நல்ல நடிகன்தான்.

ஆனால் அவன் அவள் அப்பா இல்லை.

இதை அவள் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் எமனும் காலமும் அன்றோடு காலி. பாவம், இவர்களுக்குப் பேச வேறென்ன இருக்கிறது. அதோடு, சொன்னால் மேலே கேட்பார்கள். அந்தப் பையோடு அவர் எங்கே போனார் என்று அவளுக்கே தெரியாது. போனவர் போனவர்தான்.

வீட்டிலிருந்த போட்டோக்களில் எல்லாம் அம்மா அவரை வெட்டி எடுத்துவிட்டாள். “திரும்பிக்கூடப் பாக்காமப் போன மனுசன்” என்பாள். சாகும்வரை அவரைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

ஆனால் அவர் திரும்பினாரே.

யாரோ இணையத்தில் ஏற்றியிருந்த இந்தத் துண்டை ஒருநாள் மதியம் ஆபீசில் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தாள். முதலில் தெருதான் அடையாளம் தெரிந்தது. பிறகு அந்த நடை. அவர் திரும்பியபோது முகம். கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அந்த ஒரு திரும்பலை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமாக அவரை வெறுக்காமல் இருக்கிறாள்.

இன்றைய கூட்டத்துக்கு ஒரு விருந்தாளி வந்திருந்தார். அந்தோணிராஜ். பழைய தொடரில் உதவி இயக்குநர். எழுபதைத் தாண்டிவிட்டார். போர்த்திய பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் காத்திருந்த கேள்வியைக் கூட்டம் நடத்தும் ஸ்ரீவத்சன் கேட்டான்.

“சார், குடைக்காரன் யாரு?”

அந்தோணிராஜ் சிரித்தார். “யாருக்குப்பா தெரியும். ஷாட் ஓடிட்டிருக்கு, அந்தாளு பாட்டுக்கு உள்ள நடந்து வந்துட்டாரு. அந்தக் காலனிக்காரர்தான். விறுவிறுன்னு நேராப் போயிட்டே இருந்தாரு. திரும்பல்லாம் இல்ல.”

யாரோ ‘அய்யோ’ என்றார்கள்.

“டைரக்டர்தான் ஓடிப்போய்ப் பிடிச்சாரு. குடை நல்லாருக்கு, இன்னொரு தடவ நடங்க, முனையில நின்னு ஒருவாட்டி திரும்பிப் பாருங்கன்னாரு. எதைப் பாக்கணும் சார்னு கேட்டாரு அந்தாளு. எதையாவது பாருய்யான்னுட்டாரு. ஒரே டேக், ஓகே.”

எமன் கட்சியும் காலத்தின் கட்சியும் முதல்முறையாக ஒன்றாகக் கை தட்டின. நஸ்ரின் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

கடைசி வரிசையில் அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

அம்மா சொன்னதுதான் சரி. திரும்பச் சொன்னார்கள், திரும்பினார். செத்துப்போன அம்மாவோடு மனதுக்குள் போட்ட சண்டையெல்லாம் வீண்.

“அதுல ஒரு கூத்து கேளுங்க,” என்றார் அந்தோணிராஜ். “முடிஞ்சப்புறம் அந்தாளு போக மாட்டேங்கறாரு. இன்னொரு தடவ திரும்பறேன் சார், எடுங்கன்னு நிக்கறாரு. ஏன்யா, நல்லாத்தான வந்திருக்குன்னு கேட்டா, அந்த வீட்டு ஜன்னல் சாத்தியிருக்கு சார், தெறக்கட்டும், அப்பறம் எடுக்கலாம்ங்கறாரு. ஜன்னல் எங்க ஃப்ரேம்லயே இல்ல. கேமரா முன்னாடி ஒரு தடவ நின்னுட்டாப் போதும், எல்லாருக்கும் நடிப்பு ஆச வந்துரும். வெளிச்சம் போயிட்டிருந்துச்சு. டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டோம்.”

மறுபடியும் சிரிப்பு.

அவள் சிரிக்கவில்லை.

அந்த ஜன்னலுக்கு உள்பக்கம், டிரங்குப் பெட்டிமேல் ஏறி அவள் நின்றிருந்தாள். ஐந்து வயது. அப்பாவின் முதுகு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா வந்து படாரென்று சாத்திக் கொக்கியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். தெருவில் யாரோ ‘ரெடி’ என்று கத்துவது கேட்டது.

கொக்கி எட்டும் உயரத்தில்தான் இருந்தது. கையை வைத்தும் பார்த்தாள்.

அடுப்படியில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். திறந்தால் இன்னும் அழுவாள் என்று கையை எடுத்துக்கொண்டாள்.