மணிக்கட்டில் ஒரு லாரி டிரைவர்

தீவிர சிகிச்சையில் கிடப்பவரின் நாடி, அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸின் கைப்பட்டையிலும் அல்லும் பகலும் துடித்துக்கொண்டிருக்கும். அதனால் நர்ஸ்கள் சங்கத்தின் நாகர்கோவில் கிளையில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் யாருடைய பட்டை ஓய்ந்தாலும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள்.

ஜெபக்கனி டீயை வாயருகே கொண்டுபோனபோது அவள் பட்டை ஓய்ந்தது. மாதம் முழுக்க அவள் மணிக்கட்டில் துடித்தவர் ஒரு லாரி டிரைவர். அவள் முகத்தைப் பார்த்ததுமே செயலாளர் கோமதி ஆண்டறிக்கையைப் பாதியில் நிறுத்திவிட்டார். நாற்காலிகள் நகர்ந்தன. அரங்கமே எழுந்து நின்றது.

அப்போது போன் வந்தது. டியூட்டியில் இருந்த நர்ஸ்தான்.

"யக்கா, ஒங்க டிரைவர வார்டுக்கு மாத்தியாச்சு. அதான் பட்டைய நிறுத்தினோம். மொதல்லயே சொல்லாம விட்டுட்டேன். மனுசன் இட்லி கேட்டு ஒரே சண்டை!"

ஜெபக்கனி விஷயத்தைச் சொன்னதும் அரங்கம் கொல்லென்று சிரித்தது.

"சும்மா எந்திரிக்க வச்சதுக்கு, எல்லாருக்கும் இன்னொரு டீ இவ செலவு!" என்றார் கோமதி.

ஜெபக்கனி மட்டும் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தாள். "யக்கா, இன்னும் துடிக்குதே?"

கோமதி அவள் கையை வாங்கி விரல் வைத்துப் பார்த்தார்.

"இது ஒன்னோடது, மக்கா."