அவுக சொன்ன மதர்போர்டு

“லிஸ்ட்ல உள்ளதுல ஒரு எழுத்துகூட மாறக் கூடாதுக்கா. அவுக ரொம்பக் கண்டிப்பு,” என்றான் நவாஸ்.

ஜெபா தாளை வாங்கிப் பார்த்தாள். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு, விசிறி எத்தனை என்பது வரை முத்து முத்தான கையெழுத்து. முழு கேமிங் கம்ப்யூட்டர்!

தேனியில் அவள் கடை திறந்து ஐந்து மாதம் ஆகிறது. இதுவரை வந்ததெல்லாம் பிரிண்டருக்கு மை நிரப்பவும், கீபோர்டில் கொட்டிய காபியைத் துடைக்கவும்தான். பொம்பளைப் பிள்ளைக்கு ஸ்க்ரூ டிரைவர் எதற்கு என்று கடைத்தெருவில் பேசிக்கொள்வது அவள் காதுக்கும் வந்திருந்தது. இந்த ஒரு பெட்டி நன்றாக அமைந்துவிட்டால் அத்தனை வாயையும் அடைத்துவிடலாம்.

“நீங்க என்ன கேம் விளையாடுவீங்க தம்பி?”

“நானா? அதைத் தொடக்கூட எனக்கு உரிமை கிடையாதுக்கா.”

அவனுடைய அத்தா ரசூல், கம்பத்து ஏலக்காய் வியாபாரி, பக்கத்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெட்டி கம்பத்தில் ஓடியாக வேண்டும், ஒரு குறை இருந்தாலும் ஊர் முன்னால் தலைகுனிவு என்று வந்ததிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டார். யாருக்கு என்று கேட்டால் மட்டும் அப்பனும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். யாரோ பெரிய அதிகாரிக்குப் போகிற அன்பளிப்பு என்று ஜெபா முடிவுகட்டினாள். நம் முதல் பெட்டி இப்படியா போக வேண்டும் என்று கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

லிஸ்டில் இருந்த மதர்போர்டு அவள் அலமாரியிலேயே ஒன்று இருந்தது. எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் அவளுக்கு மனசு கேட்கவில்லை. இன்னொரு போர்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

“அவுக எழுதுனது பாக்க நல்லா மினுக்கும். ஆனா இவ்வளவு பெரிய பிராசசருக்குக் கரண்டைப் பிரிச்சுக் குடுக்கும்போது சூடு தாங்காது. மூணு மணி நேரம் சேந்தாப்புல விளையாடுனா திணற ஆரம்பிச்சிரும். இந்த இன்னொண்ணு மினுக்காது. ஆனா அசராது. விலையும் ஆறாயிரம் கம்மி.”

நவாஸின் முகம் வாடிவிட்டது. “மாத்துனா காரியமே கெட்டுரும்க்கா.”

“அப்ப எழுதுனவுகட்டயே கேளுங்க.”

அவன் போனில் தயங்கித் தயங்கித் தட்டினான். பதிலுக்குக் கேள்விகள் சரமாரியாக வந்தன. சூடு தணிக்கும் தகடு எவ்வளவு கனம், பின்னால் மெமரி கூட்ட இடம் உண்டா, இரண்டு வருடம் கழித்துப் புதுப் பிராசசர் மாட்ட முடியுமா என்று ஒவ்வொன்றாக நவாஸ் வாசிக்க, ஜெபா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அதிகாரியோ யாரோ, ஆள் விஷயம் தெரிந்தவர் என்று அவளுக்கே மரியாதை வந்துவிட்டது.

நவாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பிறகு போன் சிணுங்கியது.

“நான் எழுதுனது தப்பு, கடைக்கார அக்கா சொல்றதையே போடுங்கன்னு சொல்லிட்டாக,” என்றான் நம்ப முடியாமல்.

ஜெபாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து மாதத்தில் ஒருவர்கூட அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. பில் போட உட்கார்ந்தபோதுதான் ரசூல் குறுக்கே வந்தார்.

“ஆறாயிரம் குறையக் கூடாதும்மா. ஒன்றரை லட்சம்னு வாக்குக் குடுத்தாச்சு. மேல போனாலும் போகட்டும், கீழ இறங்கப்படாது.”

விலையை ஏற்றச் சொல்லிப் பேரம் பேசுகிற ஏலக்காய் வியாபாரியை ஜெபா அன்றுதான் பார்த்தாள். மிச்சப் பணத்துக்கு மெமரியைக் கூட்டிப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியோடு கம்பத்தில் போய் இறங்கினால், அது ஒரு கல்யாண மண்டபம். ஓகோ, அதிகாரி வீட்டுக் கல்யாணமா என்று நினைத்துக்கொண்டாள். ரசூல் அவளைப் பெண்கள் பக்கத்துத் திரை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்.

“அங்கன ஆம்பளை மெக்கானிக் போக முடியாதும்மா. அதுக்குத்தான் தேனி பூரா விசாரிச்சு உன் கடைக்கு வந்தோம்.”

திரைக்குப் பின்னால் மேசைமேல் பெட்டியை வைத்து, ஒயர்களை மாட்டி, ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினாள். ஒரே மூச்சில் மானிட்டர் உயிர்பெற்றது. பெண்கள் கூட்டம் மேசையைச் சூழ்ந்துகொண்டது. அவர்களை விலக்கிக்கொண்டு கல்யாணப் பெண்ணே எழுந்து வந்தாள். மருதாணிக் கையால் போன் வெளிச்சத்தைப் பெட்டியின் பக்கக் கண்ணாடி வழியே உள்ளே அடித்து மதர்போர்டை மூலைக்கு மூலை பார்த்தாள்.

“இப்ப மூணு மணி நேரத்துக்கு மேல தாங்கும்ல அக்கா?” என்று கேட்டாள்.

ஜெபா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கண்டிப்பான ‘அவுக’ இவள்தானா! “விடிய விடிய விளையாடும்மா,” என்றாள் மனம் நிறைந்து.

அப்போது திரைக்கு அந்தப் பக்கம் மைக்கில், கல்யாணத்தை நடத்திவைக்கும் ஹஜ்ரத்தின் குரல் கேட்டது. “மாப்பிள்ளை பொண்ணுக்குக் குடுக்குற மஹர் எத்தனை பவுன்னு எழுதட்டும்?”

“பவுன் இல்லை ஹஜ்ரத், உள்ள ஓடிக்கிட்டு இருக்குற கம்ப்யூட்டர்,” என்று மாப்பிள்ளையின் குரல், நவாஸின் குரல், மண்டபம் முழுக்க ஒலித்தது. “எல்லாம் அவுக கேட்டது, மதர்போர்டு மட்டும் தேனி ஜெபாக்கா சொன்னது.”