தொட்டியில் கொட்டிய சாறு

“இந்தம்மா கையைப் பாருங்க. கறை இன்னும் போகலை” என்றான் சின்னவன்.

அவனுடைய அண்ணியின் விரல்களில் பழுப்பு ஒட்டியிருந்தது உண்மைதான். காலையில் தொட்டியிலிருந்து கொஞ்சம் வழித்துப் பார்த்தவள் அவள்தான். மற்றவர்கள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றார்கள். சின்னவன் மட்டும் கழற்றவில்லை.

அந்தக் கண்ணாடித் தொட்டியில் ஒரு மரத்தின் உயிரணுக்கள் சர்க்கரைத் தண்ணீரில் கூழ்போல் வளர்ந்துகொண்டிருந்தன. நன்றாக வளர்ந்து முடிந்த பிறகு, செத்த பூஞ்சையின் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். எதிரி வந்துவிட்டான் என்று மிரண்டுபோய் அவை புற்றுநோய் மருந்தைக் கூடுதலாகச் சுரக்கும். வளர்கிற நேரத்திலேயே யாரோ சாற்றை மொத்தமாகக் கொட்டியிருந்தார்கள். வெண்ணெய் நிறத்துக் கூழ் டீத்தண்ணியாகிக் கிடந்தது.

ஆய்வுக்கூடத்தின் தலைவியை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். அவர் சின்னவனிடம் கண்ணால் பார்த்தாயா என்று கேட்டார்.

“பார்த்தேம்மா. மூடியைத் திறந்து ஊத்தினாங்க.”

“ஒரே வீட்டுல சாப்பிடறோம் தம்பி” என்றாள் அண்ணி. அவன் சுவரைப் பார்த்தான்.

அவளுக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். அண்ணன் படுத்த படுக்கையானதும், வீட்டில் அடுப்பாவது எரியட்டும் என்று பாவம் பார்த்தான். வந்தவள் அவனைத் தாண்டிப் போய்த் தொட்டி அறைக்குப் பொறுப்பாளி ஆகிவிட்டாள். இப்போது அந்தக் கதவைத் திறக்க அவளிடம்தான் அவன் கேட்க வேண்டும். அன்றிலிருந்து அவன் வாயில் அண்ணி என்ற சொல் வருவதில்லை, இந்தம்மாதான்.

இன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவேன் என்று டாக்டரம்மா அவளிடம் கத்தினார். வீட்டுச் சண்டையை ஏன் வேலைக்குக் கொண்டு வருகிறார்கள் என்று குடுவை கழுவுகிறவள் முணுமுணுத்தாள். அண்ணி அழவில்லை, கெஞ்சவும் இல்லை. அதுதான் சின்னவனுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

போனை எடுத்துக்கொண்டு வெளியே போன டாக்டரம்மா, திரும்பி வந்தபோது வேறு ஆளாக இருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சோதனையில் கெட்டுப்போன அந்தக் கூழில் மருந்து மூன்று மடங்கு ஏறியிருக்கிறது என்றார். படித்தவர்கள் நாங்கள் பயந்து பயந்து சொட்டு விட்டுக்கொண்டிருந்தோம், துணிந்து ஊற்றிய கைக்கு இனிமேல் உற்பத்திப் பிரிவு முழுவதையும் கொடுக்கப் போகிறேன் என்றார்.

“சொல்லும்மா. நீதானே?”

சின்னவன் அண்ணியின் முகத்தையே பார்த்தான். அவள் தலையாட்டினால் போதும், ஆயுசுக்கும் அவன் அவளுக்குக் கீழேதான். அவனாக இருந்தால் எப்போதோ ஆட்டியிருப்பான்.

“நான் ஊத்தலைம்மா. தூக்கி உச்சாணியில உட்கார வெச்சாலும் நான் ஊத்தலை.”

பிழைக்கத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டே சின்னவன் முன்னால் வந்தான்.

“நான்தாம்மா ஊத்தினேன். பயத்துல அண்ணி தலையில போட்டுட்டேன்.”

டாக்டரம்மா கோபப்படவில்லை. அடுத்த தொட்டிக்கும் இதையே செய்ய வேண்டுமே, எப்படிச் செய்தாய் என்று குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டார். அவனும் ஒன்றுவிடாமல் சொன்னான். மூடியைத் தொடவே இல்லையாம். அண்ணி கதவைத் திறந்துவிட்டு உடை மாற்றப் போன நேரம் பார்த்து, தொட்டிக்குக் காற்று போகிற குழாயைக் கழற்றி, அதன் வழியாக ஒரு பாட்டில் சாறு முழுவதையும் கொட்டினானாம்.

அவர் தொட்டியின் பக்கம் திரும்பினார். காற்றுக் குழாய் கோணலாக மாட்டியிருந்தது. அதைப் பற்றி அதுவரை அங்கே யாரும் வாய் திறந்திருக்கவில்லை.

“நான் எப்போம்மா பொறுப்பு எடுத்துக்கட்டும்?” என்றான் சின்னவன்.

டாக்டரம்மா எழுந்தார்.

“அந்தக் கூழை இன்னும் சோதனைக்கே அனுப்பலைப்பா.”