பட்டாணியளவு

தலையில் துணியைக் கட்டிக்கொண்டுதான் இன்றைக்கும் வந்தாள் மருமகள்.

மாமனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்து நாளாக இதே கோலம். அவர் காலில் களிம்பைத் தடவி முடித்த அரை மணியில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்வாள். மகன் ஓடி வருவான். "ஒண்ணுமில்லைங்க" என்பாள்.

ஒன்றுமில்லாததற்கு எதற்குத் துணி?

மாமனார் எப்போது ஊருக்குப் போவார் என்று நேராகக் கேட்க வாயில்லை. அதற்குத்தான் இந்தத் தலைவலி. அவருக்குத் தெரியாதா?

காலை முக்காலிமேல் நீட்டினார்.

இடது காலில் இரண்டு விரல்கள் கத்தரிக்காய் நிறம். சர்க்கரை. ரத்தம் அங்கே போய்ச் சேரவில்லை. களிம்பு தோல் வழியாக இறங்கிக் குழாய்களை விரிக்கும் என்றார் டாக்டர். ரத்தம் வந்தால் விரல் தங்கும். வராவிட்டால் எடுக்க வேண்டும்.

பட்டாணியளவு. காலையும் மாலையும்.

குனிந்து தானே தடவிக்கொள்ள முடிந்திருந்தால் இந்த வீட்டுப் படியை மிதித்திருக்க மாட்டார். முதுகு வளையவில்லை.

முதல் நாள் அவள் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"மாமனார் காலைத் தொட உறை கேக்குதா? எங்கிட்ட இருந்து என்ன ஒட்டிக்கும் உனக்கு?"

கையுறைப் பெட்டியைத் தடியால் தட்டிவிட்டார். கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கையுறையைக் கழற்றினாள். வெறும் விரலால் தடவினாள்.

அந்தக் கையுறை எதற்கான பதில் என்று அவருக்குப் புரியாமல் இல்லை. நான்கு வருடத்துக்கு முன் அவளுடைய அப்பா இவர் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்தார். எல்லோருக்கும் வெள்ளித் தம்ளர். வந்தவருக்கு மட்டும் காகிதக் கப்பில் காப்பி போனது.

குடும்பத்துக்கென்று ஒரு முறை இருக்கிறது. இங்கே வந்தும் அதை அவர் விடவில்லை. மெஸ்ஸிலிருந்து சாப்பாடு. அவள் கை படாத சொந்தச் சொம்பு. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்த் தண்ணீரைத் தானே பிடித்துக்கொள்வார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலை அழுத்தினார். விட்டார்.

வெளுத்த இடத்தில் மெல்லச் சிவப்பு ஏறியது.

"ரத்தம் வருதுங்க ஐயா. விரல் தப்பிச்சிரும். யாரு தடவி விடறது?"



"நான்தானுங்க" என்றாள் அவள்.

"கையுறை போட்டுத்தானேம்மா? வெறுங்கையில தொட்டா உங்களுக்குள்ளயும் மருந்து இறங்கிரும். தலை வெடிக்கற மாதிரி வலிக்கும். அன்னிக்கே சொன்னேனே."

அவர் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார்.

இனி சொல்வாள். டாக்டர் முன்னால், நர்ஸ் முன்னால், கதவுக்கு வெளியே நிற்கிற கூட்டத்துக்கும் கேட்கும்படி. பத்து நாள் சேர்த்து வைத்ததைக் கொட்டுவாள்.

சொல்லட்டும்.

"போட்டுட்டுத்தானுங்க டாக்டர்."

அவர் திரும்பினார்.

தலைத்துணியை அவள் எப்போது அவிழ்த்தாள் என்று தெரியவில்லை. கைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

மாலை அவள் களிம்போடு வந்தபோது முக்காலிக்குப் பக்கத்தில் கையுறைப் பெட்டி கிடந்தது. மேலெல்லாம் தூசு. தடியால் துழாவித் துழாவி இழுத்ததில் அவருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அவள் பெட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"என்ன பாத்துட்டே நிக்கறே? போட்டுட்டுத் தடவு."

தடவினாள். கையுறையைக் கழற்றிவிட்டு எழுந்தாள்.

"சொம்புல தண்ணியில்லை" என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு.

அவள் நகரவில்லை.

"சொம்பை நான் எடுக்கலாங்களா மாமா?"

என்ன கேள்வி இது. எல்லாவற்றையும் ஒருவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா?

"சொம்பு எதுக்கு? நீங்கெல்லாம் குடிக்கற தம்ளர்லயே கொண்டா."

அவள் சமையலறைக்குள் போனாள்.

வெகுநேரம் குழாய் திறக்கும் சத்தம் கேட்கவில்லை.

அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.